மண் சுமந்தவன் பின்னால் வந்த கல்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் சென்னியப்பன், என் மனைவி பாவாயியின் உடன்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான், எங்கள் வீட்டில் கை நனைக்காமல் அவனுக்கு ஒரு பண்டிகையும் கழிந்தது கிடையாது. மற்றவர்கள் எல்லோரும் அவனுக்குப் பின்னால்தான் வரிசையாக நிற்கிறார்கள். ஊர் நிற்கிறது, பூசாரி நிற்கிறார், சுத்தியலோடு ஜீப்பில் வந்து இறங்கிய படித்த அம்மா நிற்கிறாள், அந்த வரிசையின் வாலில் நிற்பது யார் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்வேன், சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வேலாங்கரட்டில் என் தோட்டமும் என் பங்காளி காளியண்ணன் தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன, என்னுடையது மேற்கே, அவனுடையது கிழக்கே, நடுவில் எங்கள் பாட்டன்மார் நட்ட எல்லைக்கற்கள். பெருமழை பிடித்த ஒரு வருஷம் ஓடை கரையை மறந்து தோட்டத்துக்குள் வந்து, எல்லைக்கற்களைப் பிடுங்கி, கோலிக்குண்டு போல உருட்டிக்கொண்டு போய்விட்டது. என் கிணறு எல்லையை ஒட்டி இருந்தது. கல் போனதும் காளியண்ணன் கிணறு தன்னுடையது என்றான். அளக்க வர வேண்டியவர்கள் வருகிறோம் வருகிறோம் என்று சொல்லியே ஒரு வெள்ளாமை கழிந்தது.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கத்தாரும் சம்மதித்து ஒரு மனிதனைச் சொல்ல வேண்டும். அவன் தலைமுழுகி, ஈர வேட்டியோடு வந்து, இரண்டு தோட்டத்து மண்ணையும் ஒன்றாகப் பிசைந்த உருண்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, வடக்கு முனையில் தொடங்கித் தெற்கு முனை வரைக்கும் எல்லை என்று தன் மனசுக்குத் தெரிந்த தடத்தில் நடக்க வேண்டும். அவன் நடந்ததுதான் எல்லை. அவனை யாரும் மறித்துப் பேசக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, ஏனென்றால் நடந்து முடிக்கிற வரைக்கும் அவன் மனுஷன் இல்லை, மண்ணுக்கு முளைத்த கால்.

சென்னியப்பன் பெயரைச் சொன்னது நான்தான். அந்த வரப்பில் என்னோடு மாடு மேய்த்தவன், அந்தக் கிணற்றில் என்னோடு குதித்தவன், கண்ணைக் கட்டி விட்டாலும் எல்லை அவனுக்குத் தெரியும். காளியண்ணன் உடனே சரி என்றான். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். சென்னியப்பன் தன் மகளைக் காளியண்ணன் மகனுக்குக் கொடுப்பதாக வெற்றிலை மாற்றி முடித்திருந்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

நடந்தான். வடக்கே நன்றாகத்தான் நடந்தான், கற்கள் இருந்த குழிகளை ஒன்றுவிடாமல் மிதித்துக்கொண்டு வந்தான், ஈர வேட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டு வந்தது, கிணறு நெருங்கியபோது கிழக்கே போக வேண்டிய கால் மேற்கே திரும்பியது.

"மச்சா, கெணறு," என்றேன்.

"மண்ணு சொமக்கறவங்கிட்டப் பேசப்படாதுங்க," என்று பூசாரி என் தோளைப் பிடித்தார்.

வாயை மூடிக்கொண்டேன். கிணற்றைக் காளியண்ணன் பக்கம் விட்டுவிட்டு அவன் தெற்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தான். போய்ச் சேர்ந்து அவன் தலையிலிருந்து மண்ணை இறக்கியபோதுதான் எல்லோரும் பின்னால் பார்த்தார்கள். அவன் குதிகால் பட்ட தடம் முழுக்க நிலம் விரிந்திருந்தது, தையல் விட்ட கோணிப்பை மாதிரி, வடக்கிலிருந்து தெற்கு வரைக்கும் ஒரே கோடாக. ஊர்ப் பெரியவர் பொங்கியண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, மழை பேய்ந்த மண்ணு வெடிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையைத் தேடினார். ஈர மண் வெடிக்காது என்பது மாட்டுக்குக்கூடத் தெரியும். ஆனால் மண் சுமந்தவன் தப்பாக நடந்தான் என்று சொல்ல ஊருக்கு வாய் இல்லை, அப்படிச் சொன்னால் இதுவரை மண் சுமந்து தீர்த்த எல்லைகள் எல்லாம் ஆடிப்போகும், அவரவர் தோட்டம் அவரவர்க்கு நிற்காது. பூமியே வாயைத் திறந்து சொன்ன பிறகும் ஊர் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு கிழக்குப் பக்கம் தெற்கே நகர ஆரம்பித்தது. பூசணிக்காய் பருப்பது மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது, பாராமல் இருந்தால் நடந்திருக்கும். வெடிப்பு என் தோட்டத்தோடு நிற்காமல் ஊருக்குள்ளும் ஓடியிருந்ததால், எதிரெதிரே கதவு வைத்துக் கட்டிய வீடுகள் ஒன்றையொன்று விட்டு விலகின, பேசிப் பழகிய பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை உயர்த்தி, பிறகு புதிதாக எதிரே வந்தவளோடு பழகிக்கொண்டார்கள். பிள்ளையார் மேற்கே இருந்தார், அவர் பார்த்துக்கொண்டிருந்த அரசமரம் கிழக்கே இருந்தது. மரம் நகர்ந்துபோய் அவருக்கு எதிரே முடிவெட்டும் கடை வந்து நின்றது, கடைக் கண்ணாடியில் பிள்ளையார் தெரிந்ததால் முடிவெட்டிக்கொள்ளப் போனவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். என் கிணறு என் மாட்டுக்கொட்டகைக்கு எதிரே இருந்து, வாழைக்கு எதிரே போய், வேலிக்கு எதிரே போனது. ஒரு குடம் தண்ணீருக்கு நான் காளியண்ணனிடம் கேட்க வேண்டியிருந்தது, கேட்கப் போகிற தூரமும் கூடிக்கொண்டே வந்தது.

அப்புறம் மார்கழிக் குளிரில் ஒரு நாள் காலையில் உருகிய கல் வந்தது. வெடிப்புக்குள்ளிருந்து சிவப்பாக, கெட்டியாக, ராகிக்களி கிண்டும்போது பானை விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்குமே அப்படி, மெதுவாக ஏறி, வெடிப்பின் வாய் வரைக்கும் வந்து நின்றது, தளும்பவில்லை, யாரையும் துரத்தவில்லை. முதலில் ஆட்டுக்குட்டிகள் போய்ப் பக்கத்தில் படுத்தன. குட்டிகளை ஓட்டப்போன பெண்கள் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாள் ஒருத்தி கொள்ளுப் பானையைக் கொண்டுவந்து விளிம்பில் வைத்தாள், கொள்ளு அவ்வளவு பதமாக அதுவரை யார் வீட்டு அடுப்பிலும் வெந்ததில்லை என்றார்கள். பிறகு மஞ்சள் வேகவைக்கும் செப்புக் கொப்பரைகள் வந்தன, அடைமழையில் காயாத மிளகாய் வந்தது, பிள்ளை பெற்றவள் குளிக்கத் தண்ணீர் அண்டா வந்தது, முழங்கால் மடங்காத கிழவர்கள் கயிற்றுக்கட்டிலோடு வந்தார்கள். பூசாரி ஒரு செம்புப் பாலை விளிம்பில் வைக்க அது சுண்டித் திரட்டுப்பால் ஆனது. அதை ஆளுக்கு ஒரு விரல் கொடுத்துவிட்டு, இது அடுப்பாயி என்று பெயர் வைத்தார்.

கிணற்றுக்கு முறை வைத்து இறைப்பது போல அடுப்பாயிக்கும் முறை வைத்தார்கள், இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு, வெள்ளிக்கிழமை கறி வேகக் கூடாது, தீட்டுக்காரர்கள் வால்முனையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேலமரம் வெட்டுவது நின்றது. சுள்ளி பொறுக்கப் போன பெண்கள் போகாமல் ஆனார்கள், அவர்கள் தலையில் சும்மாட்டுத் தழும்பு மறைந்து முடி முளைத்தது. டீக்கடைக்காரன் கடையையே வெடிப்புக்கு மாற்றிக்கொண்டான், என்னைப் பார்த்தால் கரண்டியைத் தட்டி, "ராக்கியண்ண மாமன் வயிறு எரியறதுலதான் கல்லு எரியுதுங்கறாங்க. மாமனுக்கு மட்டும் டீ ஓசிடா," என்பான், குடிக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள், நான் அவன் டீயைக் குடித்ததில்லை.

என் நெஞ்சை அறுத்தது இதெல்லாம் இல்லை. சென்னியப்பன் பொய்யாக நடந்த அந்த நாளை அடுப்பாயி நோம்பி என்று திருநாளாக வைத்தார்கள். அவன்தான் மண் சுமந்து அவளை அழைத்து வந்தவனாம். அவனுக்கு முதல் மரியாதை, பரிவட்டம், மாலை, மேளம். என் கிணற்றைத் தின்ற நடையை, வருஷா வருஷம் மேளம் கொட்டிக் கொண்டாடினார்கள், என் வீட்டு வாசல் வழியாக.

கூட்டத்தில் கேட்டேன். "மண்ணு சொமந்தவனத் திலும்பச் சொமக்கச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்தத் தோட்டங்காடு நெடுக அவன் ஒருக்கா நேரா நடந்தாப் போதும்."

பொங்கியண்ணன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "நடக்கச் சொல்லலாமப்பா. இப்ப என்ன அவசரம். மஞ்ச சீசன் முடியட்டும்."

அவன் நேராக நடந்தால் அடுப்பாயி என்ன ஆவாள் என்று அப்போதாவது அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியவைத்தவள் அந்தப் படித்த அம்மா. கல் எப்படி வருகிறது என்று பார்க்க வந்தாள், வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு வெடிப்பின் ஓரத்தில் நாளெல்லாம் குந்தியிருந்தாள், பசித்தால் யார் பானையில் என்ன வெந்திருக்கிறதோ அதை வாங்கிச் சாப்பிட்டாள், நல்ல பெண்தான். ஓரத்தில் ஆறி இறுகியிருந்த ஒரு துண்டை உடைத்து எங்களுக்குக் காட்டினாள். கருப்பும் வெள்ளையுமாக இருந்தது, வெள்ளைப் பரல்கள் நீளநீளமாக, எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து, ஒரு பட்டி ஆடு ஒரே திசையில் போகிற மாதிரி படுத்திருந்தன.

"கல்லு தன் பலத்துல மட்டும் மேல வந்துடாதுங்க ஐயா," என்றாள். "அதுக்கு இடம் வேணும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உரசிக்கிட்டு நகரும்போது, வெடிப்பு எங்க வளையுதோ அங்க வாய் தொறக்கும். அந்த வாய்க்குள்ள கல்லு ஏறி வரும். கொழம்பா இருக்கற கல்லு உள்ள இருந்தா நிலம் லேசா வழுக்கும். வழுக்கினா இன்னும் நகரும், நகந்தா இன்னும் கல்லு வரும். நகரும்போதே ஆறினதாலதான் இந்தப் பரல் எல்லாம் இப்படி இழுபட்டுக் கெடக்கு. நிலம் எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போச்சுங்கறதுக்கு இதுதான் சாட்சி."

சாட்சி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் ஒருவரும் சொல்லாததைக் கல் சொல்கிறது என்று துண்டைக் கையில் வாங்கி எல்லோருக்கும் காட்டினேன். யாரும் அதைப் பார்க்கவில்லை.

"நகர்றது நின்னுருச்சுன்னாங்க அம்மிணி?" என்று பொங்கியண்ணன் கேட்டார்.

"நின்னா கல்லும் நின்னுடும். ஆறி, இறுகி, ரெண்டு பக்கத்தையும் சேத்துப் புடிச்சு ஒரே பாறையா ஆயிடும்."

"சூடு?"

"சூடு ஏதுங்க அப்புறம்."

அவள் உண்மையைத்தான் சொன்னாள், அந்த உண்மை போய் என் கழுத்தில் விழுந்தது. அவள் ஜீப் ஓடையைத் தாண்டுவதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது. சென்னியப்பன் நேராக நடந்தால் நிலம் நின்றுவிடும். நிலம் நின்றால் அடுப்பாயி போய்விடுவாள். அன்றிலிருந்து அவனைத் தனியாக விடவில்லை. காட்டுக்குப் போனால் பின்னாலேயே ஒருவன், சந்தைக்குப் போனால் இரண்டு பேர், அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தால்கூட மண் அள்ளுகிறானோ என்று நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். காளியண்ணனை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவன் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு சும்மா இருந்தான், சும்மா இருப்பதற்கு அவனுக்கும் மாலை போட்டார்கள்.

சென்னியப்பன் இளைத்தான். மழையில் குடை பிடிக்க மாட்டான், வெயிலில் துண்டைத் தலையில் போட மாட்டான், பரிவட்டம் கட்டும்போது கழுத்து நரம்பு புடைத்துக் கண்ணில் நீர் கட்டும், ஊர் அதைப் பக்தி என்றது. ஒரு நாள் மத்தியானம் காவலுக்கு வந்தவன் கட்டிலில் அசந்துவிட, வெடிப்பின் அந்தக் கரையில் வந்து நின்றான். நான் இந்தக் கரையில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாப்ள," என்றான்.

நான் நிமிரவில்லை.

"தலெ கனக்குது மாப்ள. அன்னிக்கு எறக்கி வெச்ச மண்ணு எறங்கவே இல்ல."

"நடந்தா எறங்கும்."

"ஊரு உடுமா?"

"அன்னிக்கு ஊரக் கேட்டா நடந்தே?"

"இல்ல," என்றான். "என்ற மவளக் கேட்டு நடந்தேன்."

தட்டை உதறிப் போட்டேன். "செவ்வாக்கெழமெ சந்தை," என்றேன். "ஊருல ஆளு இருக்காது. அந்தப் பக்கத்து மண்ணத் துண்டுல முடிஞ்சு கொண்டா."

வந்தான். சந்தை வண்டிகள் போன புழுதி அடங்குவதற்குள் வந்தான், காய்ச்சல் என்று சொல்லிக் காவல்காரர்களைச் சந்தைக்கு அனுப்பிவிட்டிருந்தான். என் வீட்டுத் தொட்டித் தண்ணீரில் தலைமுழுகினான். அவன் கொண்டுவந்த மண்ணையும் என் மண்ணையும் நானே பிசைந்து, நானே அவன் தலையில் வைத்தேன். கிணறு இப்போது எங்கே போயிருந்தாலும் அதற்குக் கிழக்கேதான் எல்லை, அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வடக்கு முனையில் அவன் முதல் அடி வைத்ததும் வெடிப்பில் இருந்த சிவப்பு கறுத்தது, அடுத்த அடிக்குச் சாம்பல் பூத்தது, அதற்கடுத்து வெள்ளைப் பரல் கண்ணைத் திறந்தது. பழுத்த இரும்பைத் தொட்டியில் முக்குகிற சத்தம் அவன் கூடவே வந்தது. என் காலுக்குக் கீழே நிலம் நின்றது. அது அத்தனை வருஷமாக நகர்ந்துகொண்டிருந்தது நின்றபோதுதான் எனக்கு உடம்பில் தெரிந்தது, நெடுந்தூரம் போன பேருந்திலிருந்து இறங்கியவன் போலத் தள்ளாடினேன், தள்ளாடிக்கொண்டே அவனுக்கு இணையாக நடந்தேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன், என் கிணறு அவனுக்கு முன்னால் தெரிந்தது.

அப்போது மஞ்சள் வேகும் வாசம் வந்தது.

அன்றைக்கு எங்கள் வீட்டு முறை, அந்தக் கணக்கை நான் பார்த்ததே இல்லை. கோட்டின் நடுவில் பாவாயி கொப்பரை வைத்திருந்தாள். இறுகி வருகிற கல் கொப்பரையை நோக்கி வருவதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். மண் சுமக்கிறவனிடம் பேசக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும்.

"அண்ணா," என்றாள்.

அவன் கால் நின்றது.

"மஞ்ச பாதிதான் வெந்துருக்குது. இப்பச் சூடு போச்சுன்னா அத்தனையும் பூஞ்சக்காளான் புடிச்சுப் போயிரும்ணா."

"நட மச்சா," என்றேன்.

"இப்ப எறக்கி வெச்சுட்டு மஞ்ச வெந்ததும் நடக்கட்டுமே. மண்ணு எங்க போவுது."

"கெணத்துக்கிட்ட வந்துட்டான் பாவாயி. நம்ம கெணறு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கெணறு வந்தா எனக்கென்னங்க. அப்பவும் நாந்தான் எறச்சேன், நாந்தான் சொமந்தேன். கரடு கரடா வெறகு தேடுனதும் நாந்தான். இந்தக் கல்லு ஒண்ணுதான் என்னைய ஒண்ணும் கேக்காம எனக்கு வேல செய்யுது."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள், பந்தியில் இலையை எடுக்கிறவள் மாதிரி. அவன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்தான். அவன் தலையிலிருந்து அவள் மண்ணை எடுத்துக்கொண்டாள். எடுத்ததும் அவன் கழுத்து நிமிர்ந்தது, ஒரு பெருமூச்சு விட்டான். அவள் அந்த மண்ணைத் தண்ணீர் தெளித்துக் குழைத்து, ஆவி போகாமல் இருக்கக் கொப்பரை மூடியின் சந்தில் சுற்றிப் பூசினாள். நான் பிசைந்த மண். விரலால் வழித்து வழித்து, ஓரம் சரிசெய்து, நன்றாகத்தான் பூசினாள்.

சந்தையிலிருந்து ஊர் திரும்பி வந்தபோது மஞ்சள் வெந்திருந்தது. அந்த வருஷம் எங்கள் மஞ்சளுக்கு இருந்த நிறம் யார் மஞ்சளுக்கும் இல்லை. மூடியில் இருந்த மண் ஓடாக வெந்து போயிருந்தது. வெந்த மண்ணைச் சுமந்தால் எல்லை நிற்காது என்று பூசாரி சொன்னார், காளியண்ணன் அன்று இரவோடு இரவாகத் தன் பக்கம் முள்வேலி போட்டான், அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு பிடி மண் எடுக்க யாராலும் முடியவில்லை. பொங்கியண்ணன் என் வீட்டுக்கு வந்து, பாவாயியைக் கூப்பிட்டு, ஊரைக் காப்பாத்துன மகராசி என்று சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காமல் போனார்.

வடக்குப் பாதி இறுகிவிட்டது. அந்தக் கல்லில் கிழக்கும் மேற்கும் ஒன்றாக ஒட்டிக்கிடக்கின்றன, ஆடுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகின்றன. தெற்குப் பாதி இன்னும் சிவந்து கிடக்கிறது, இன்னும் நகர்கிறது. நின்ற நிலமும் நகரும் நிலமும் முட்டிக்கொள்கிற இடத்தில் மண் இருக்க இடமில்லாமல் பாய் சுருளுகிற மாதிரி மேலே எழும்புகிறது, அந்த இடத்தில்தான் என் வீடு இருக்கிறது. தரை சாய்ந்துவிட்டது. ராக்கியண்ண மாமன் வீட்டுல சோறு தானா எலைக்கு உருண்டு வருமாம் என்று டீக்கடையில் பேச்சு. பாவாயி சட்டிகளுக்கு அடியில் சில்லு வைத்து நிறுத்திக்கொள்கிறாள். நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அவள் போடும் சோற்றைத்தான் தின்கிறேன், ஆனால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது.

நோம்பிக்கு நோம்பி மேளம் வருகிறது. சென்னியப்பன் மாலையோடு முன்னால் வருகிறான், கல் இறுகி முடிகிற இடத்தில் வந்ததும் ஊர்வலத்தை நிற்கச் சொல்லிவிட்டு என் வாசலைப் பார்ப்பான்.

"பாதி நடந்துட்டேன் மாப்ள," என்பான். "இனிப் பாதிதான்."

"பாதிதான்," என்பேன் நான்.

"நடந்துருவேன்."

"நட."

அவன் தலையை ஆட்டுவான். மேளக்காரன் அடிக்க ஆரம்பிப்பான். ஊர்வலம் தெற்கே போகும்.

அவன் நின்ற இடம் நகரவில்லை, அது கல்லாகி நிற்கிறது. கிணறு தெற்கே போய்க்கொண்டே இருக்கிறது, அதனால் அவன் எனக்கு நடந்து கொடுக்க வேண்டிய பாதி வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போகிறது. நீண்ட தூரத்தையும் சேர்த்துத்தான் அவன் நடக்க வேண்டும். நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.